தம்மம்பட்டியில் போட்ட நடுக்கோடு

"அண்ணா, ரெண்டு பக்கமும் சேரவே மாட்டேங்குது" என்று தம்மம்பட்டியிலிருந்து பேசிய தம்பியின் குரலில் சலிப்பைவிடக் கவலை அதிகம். கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வாகை மரத்தில் ஓரடி உயரப் பிள்ளையார். முன்பக்கம் பழுதில்லை, பின்பக்கமும் பழுதில்லை. இரண்டும் சந்திக்கிற காது மடலில் மட்டும் படிக்கட்டு போல ஒரு விளிம்பு. முன் காது ஓரிடத்தில் முடிய, பின் காது அதற்குச் சற்றுத் தள்ளித் தொடங்கியது.

அவர் குடும்பம் தலைமுறையாக மரச் சிற்பம் செய்கிறது. அப்பா ஸ்தபதி. மகன் கடன் வாங்கி, கணினி சொல்கிறபடி மரத்தை வெட்டும் 4 அடிக்கு 8 அடி சி.என்.சி. ரூட்டர் ஒன்றைப் போட்டு, கதவுப் பலகைகளில் பூவேலை செய்துகொண்டிருந்தார். பலகையில் ஒரு பக்கம் மட்டும் செதுக்குவதில் சிக்கல் இல்லை. முழு உருவம் என்று வந்ததும் தடுமாற்றம். கோவையில் ஏழெட்டு வருடமாக இதே இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

மாசி மாதத்தின் ஒரு விடிகாலையில் காந்திபுரத்தில் பேருந்து ஏறினேன். பையில் மூன்று நாள் துணி, ஒரு வெர்னியர், 6 மி.மீ. தட்டை முனைப் பிட் இரண்டு, 3 மி.மீ. உருண்டை முனைப் பிட் மூன்று, மடிக்கணினி. சேலம் தாண்டியதும் சாலையின் இருபுறமும் மரவள்ளி. ஆத்தூர் நெருங்க நெருங்க ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் மாவு வெயிலில் வெள்ளை வெளேரென்று காய்ந்தது. ஆத்தூரில் பேருந்து மாறித் தெற்கே போனால் தம்மம்பட்டி. ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை. இரண்டுக்கும் நடுவே அமைந்த ஊர். ஜல்லிக்கட்டுக்கும் பேர் போனது, மரச் சிற்பத்துக்கும் பேர் போனது. பட்டறை வாசல்களில் அரைகுறையாய்ச் செதுக்கிய குதிரை வாகனமும் அன்னமும் யாளியும் வரிசையாக நிற்கும். கொட்டாப்புளி உளியின் தலையில் விழுகிற சத்தம் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்தபதி ஐயா திண்ணையில் அமர்ந்து தேருக்கான பலகை ஒன்றில் வேலையாக இருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. "வா கண்ணு, மொதல்ல சாப்புடு. அந்த மெஷினு எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். சாப்பிட்டு எழுந்ததும் அந்தப் பிள்ளையாரைக் கையில் கொடுத்தார். அவர் கட்டைவிரல் நகத்தைக் காதின் விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்தார். நகம் தடுக்கி நின்றது. "ஒரு நூல்ல மூணுல ஒரு பங்கு இருக்கும்" என்றார். வெர்னியரில் பார்த்தேன்: 1 மி.மீ. ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீ.க்குச் சற்று மேல். நகத்தின் கணக்கு சரியாக இருந்தது.

கோளாறு எங்கே என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. மகன் மரத்துண்டின் இடது விளிம்பை ஒரு தடுப்புப் பலகையில் முட்ட வைத்து, அந்த மூலையில் ஜீரோ, அதாவது அளவுகள் தொடங்கும் புள்ளி, போட்டு முன்பக்கத்தை வெட்டியிருக்கிறார். பிறகு துண்டைத் திருப்பி, மறுபடியும் அதே தடுப்பில் முட்ட வைத்துப் பின்பக்கத்தை வெட்டியிருக்கிறார். கணினியில் துண்டின் அகலம் 260 மி.மீ. ரம்பத்தில் அறுத்து வந்த துண்டோ 261. முன்பக்கம் வெட்டும்போது உருவத்தின் நடு, இடது விளிம்பிலிருந்து 130-இல் விழுந்தது. திருப்பியதும் வலது விளிம்பு தடுப்புக்கு வந்துவிட்டது. இப்போது அந்த நடு 131-இல் இருக்கிறது. இயந்திரம் மட்டும் 130 என்றே நினைத்துக்கொண்டு வெட்டுகிறது. துண்டின் அகலத்தில் இருந்த 1 மி.மீ. பிழை அப்படியே காதில் வந்து உட்கார்ந்துவிட்டது.

இதை நான் தாளில் வரைந்து மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஐயா எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "இதுல பிரம்மசூத்திரம் எங்க போட்டீங்க?" என்று கேட்டார்.

சிற்ப நூல்களில் உருவத்தின் உச்சி முதல் பாதம் வரை நடுவாக இறங்கும் கோட்டுக்குப் பிரம்மசூத்திரம் என்று பெயர். கண்ணுக்கும் காதுக்கும் தோளுக்கும் இடுப்புக்கும் அகல அளவுகள் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்து இருபுறமும் எடுக்கப்படும். ஸ்தபதி கட்டையின் விளிம்பை நம்புவதே இல்லை, ஏனென்றால் விளிம்பு உளி பட்டதும் காணாமல் போகிற ஒன்று. முன்னால் ஒரு கோடு, பின்னால் ஒரு கோடு, தலைமேல் இரண்டையும் இணைக்கும் ஒரு கோடு. அதைப் போட்ட பிறகுதான் முதல் கொத்து. நான் இரண்டு பக்க வேலைக்கு மூன்று வருடம் மரத்தை வீணடித்துக் கற்றுக்கொண்டதை அவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். "மெஷினு நல்லாத்தான் வேலை செய்யுது. அதுக்கு நடு தெரியல, அவ்வளவுதான்" என்றார்.

அன்று பிற்பகலே இன்னொரு விஷயமும் தெரிந்தது. அந்தப் பிள்ளையாரின் ஃபைல் விலைக்கு வாங்கியது. முகமும் கிரீடமும் எந்த ஊர்ச் சாயலோ. "பிள்ளையாருக்கு அஞ்சு தாளம். இவரு வளந்து நிக்கறாரே" என்று ஐயாவுக்கு மனக்குறை. தாளம் என்பது சிற்ப அளவு, ஒரு தாளம் 12 அங்குலப் பங்கு. ஐந்து தாளக் கணக்கில்தான் குள்ள உருவமும் பருத்த வயிறும் அமைகின்றன. ஆகவே அந்த ஃபைலை ஒதுக்கிவிட்டு, அவரே முன்பு செதுக்கி வைத்திருந்த பிள்ளையாரையே மாதிரியாக எடுப்பது என்று முடிவாயிற்று.

அதற்கு ஸ்கேனர் ஒன்றும் வேண்டியதில்லை, கைப்பேசிக் கேமரா போதும். வீட்டுக்குப் பின்னால் புளியமர நிழலில், வெயில் நேராக விழாத இடத்தில், முக்காலி மேல் பிள்ளையாரை வைத்தோம். வார்னிஷ் பூசாத மரம் என்பது வசதியாகப் போயிற்று. பளபளப்பு இருந்தால் ஒவ்வொரு படத்திலும் ஒளி ஒவ்வோர் இடத்தில் மின்னி, கணக்கைக் குழப்பிவிடும். மூன்று உயரங்களில் சுற்றிச் சுற்றி வந்து 120 படம் எடுத்தோம். பக்கத்தில் ஓர் இரும்பு அளவுகோலையும் வைத்தேன். படங்களிலிருந்து கணினி வடிவத்தைக் கண்டுபிடித்துவிடும், அளவைக் கண்டுபிடிக்காது. அது ஓரங்குலப் பிள்ளையாரா, ஓராள் உயரப் பிள்ளையாரா என்பதை அளவுகோல்தான் சொல்ல வேண்டும். இரவு முழுவதும் மடிக்கணினி ஓடியது. காலையில் லட்சக்கணக்கான சிறு முக்கோணங்களால் ஆன ஒரு பிள்ளையார் திரையில் இருந்தார். துதிக்கைக்கு அடியிலும் கால் மடிப்பிலும் கேமரா எட்டாத ஓட்டைகள். அவற்றை ஐயா விரலால் காட்டக் காட்ட அடைத்தேன்.

இரண்டாம் நாள் முழுவதும் அமைப்பு வேலைக்கே போயிற்று. வெட்டுவதற்கு ஆகிற நேரத்தைவிட வைப்பதற்கு ஆகிற நேரம் அதிகம் என்பது இந்த வேலையின் இயல்பு. அதைச் சுருக்கப் பார்க்கிறவர்கள்தான் மரத்தை இழக்கிறார்கள்.

முதலில் மரம். பச்சை மரம் உளிக்கு இளகிக் கொடுக்கும் என்று ஸ்தபதிகள் ஓரளவு ஈரத்தோடேயே வேலை செய்வதுண்டு. இயந்திர வேலைக்கு அது ஆகாது. முன்பக்கத்தை வெட்டித் திறந்ததும் உள்ளே இருக்கும் ஈரம் ஒருபுறமாக உலர்ந்து துண்டு முறுக்கிக்கொள்ளும். திருப்பி வைக்கும்போது அது நீங்கள் அளந்த துண்டாக இருக்காது. காற்றில் காய வைத்தால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு என்பது பொதுவான கணக்கு. ஐயா பரணிலிருந்து ஒரு பழைய வாகைத் துண்டை இறக்கச் சொன்னார். வாசக்காலுக்கென்று ஐந்து வருடம் முன் அறுத்துப் போட்டதாம். 110 மி.மீ. கனத்துக்கு இழைத்தோம். விரலால் தட்டினால் கணீரென்றது.

அடுத்தது நடுக்கோடு. துண்டைப் படுக்க வைத்துக் கவ்விகளால் இறுக்கி, நீளவாக்கில் நடுவாக ஒரு பென்சில் கோடு போட்டோம். அந்தக் கோட்டை இயந்திரத்துக்கு ஜீரோவாகக் கொடுத்தேன். முன்பக்கத்தை வெட்டுவதற்கு முன்பே, கிரீடத்துக்கு மேலே ஒன்றும் பீடத்துக்குக் கீழே ஒன்றுமாக, அந்தக் கோட்டின் மேலேயே 8 மி.மீ. விட்டத்தில் 20 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு துளைகளை இயந்திரத்தாலேயே போட வேண்டும். முன்பக்க வேலை முடிந்து துண்டை எடுத்ததும், ஜீரோவைத் தொடாமல், அதே இரண்டு இடங்களில் அடியில் இருக்கும் எம்.டி.எஃப். மேசைப் பலகையிலும் துளை போட வேண்டும். அதில் முளைகளைச் செருகி, துண்டைப் புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோலப் புரட்டி அவற்றின் மேல் இறக்கிவிட வேண்டும். முளைகள் இரண்டும் திருப்புகிற கோட்டிலேயே இருப்பதால், எப்படிப் புரட்டினாலும் நடு நடுவிலேயே நிற்கும். துண்டின் அகலம் 260 என்றால் என்ன, 261 என்றால் என்ன, விளிம்பு கோணலாகவே இருந்தாலும் என்ன? ஒன்றும் ஆகாது.

முளைக்கு நான் இரும்புக் கம்பி கொண்டுபோயிருந்தேன். ஐயா மூங்கிலைச் சீவித் தந்தார். தப்பித் தவறிப் பிட் பட்டாலும் முனை உடையாது என்பது அவர் சொன்ன காரணம். நான் இப்போது கோவையிலும் மூங்கிலுக்கு மாறிவிட்டேன்.

உயரத்திலும் இதே பிழை ஒளிந்திருக்கிறது. பலர் இரண்டு பக்கமும் மரத்தின் மேற்பரப்பைத் தொட்டு ஜீரோ போடுகிறார்கள். துண்டின் கனம் கணினியில் சொன்னதைவிட 1 மி.மீ. கூடினால் உருவத்தின் வயிறு 1 மி.மீ. பருத்துவிடும். வழி எளிது. முன்பக்கத்துக்கு மரத்தின் மேற்பரப்பில் ஜீரோ. திருப்பியதும் அந்த மேற்பரப்பு மேசையின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. ஆகவே பின்பக்கத்துக்கு மேசைப் பலகையில் ஜீரோ. இரண்டு அளவும் ஒரே முகத்திலிருந்து எடுத்தவை. தச்சு வேலையில் முதலில் இழைத்த முகத்தில் ஓர் அடையாளம் கிறுக்கி, எல்லா அளவையும் அதிலிருந்தே எடுப்பார்கள் அல்லவா, அதேதான். நான் விளக்கி முடிப்பதற்குள் ஐயா பென்சிலை எடுத்து மேற்பரப்பின் மூலையில் அந்த அடையாளத்தைப் போட்டுவிட்டார்.

பிறகு தாங்கிகள். சுற்றிலும் சட்டம் போல மரத்தை விட்டு, உருவத்தை அதனோடு சிறு பாலங்களால் இணைத்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி வெட்டில் பிள்ளையார் கழன்று பிட்டோடு சுழல்வார். மகன் முந்தைய முறை பாலங்களை இரண்டு முழங்கைகளின் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு முழங்கை சில்லு தெறித்ததற்கு அதுவே காரணம். மரத்தின் இழை மேலிருந்து கீழாக ஓடுகிறது. பக்கவாட்டில் வைத்த பாலத்தில் இழை குறுக்கே அறுபட்டு, பிஸ்கட் போல ஒடியும். கிரீடத்துக்கு மேலும் பீடத்துக்குக் கீழும் வைத்தால் இழை பாலத்தின் வழியாகவே நீண்டு போகும். இதையும் ஐயாதான் மாற்றினார். கணினியில் எப்படி என்பது தெரியாததால், மரத்தின் மேலேயே விரலால் இழையைத் தடவிக் காட்டி, "இங்கயும் இங்கயும் புடிச்சுக்கச் சொல்லு" என்றார்.

மூன்றாம் நாள் காலை 8 மணிக்கு ஸ்பிண்டில் நிமிடத்துக்கு 18,000 சுற்றில் கிளம்பியது. தட்டை முனைப் பிட் அடுக்கடுக்காய் இறங்கித் தேவையில்லாத மரத்தைத் தள்ளியது. ஒவ்வொரு பக்கமும் நடுத்தளம் வரை 55 மி.மீ. ஆழம். அதைத் தாண்டி 2 மி.மீ. கூடுதலாக இறங்கச் சொல்லியிருந்தேன். இல்லையென்றால் முன்னும் பின்னும் சந்திக்கிற இடத்தில் ஒரு சவ்வு நின்றுவிடும். முன்பக்கம் கரடாக வெட்டியதும் திருப்பிப் பின்பக்கத்தையும் கரடாகவே வெட்டினோம். மரம் தன் இறுக்கத்தை விட்டு அமைதியாகட்டும் என்று மதியச் சாப்பாடு முடியும் வரை அப்படியே விட்டோம். அதன் பிறகே நுண்வெட்டு. மூங்கில் முளை இருப்பதால் எத்தனை முறை புரட்டினாலும் பயமில்லை.

நுண்வெட்டில்தான் எனக்கும் மகனுக்கும் சிறு வாக்குவாதம். உருண்டை முனைப் பிட் உழவு சால் போல வரி வரியாகப் போகும். வரிக்கு வரி எவ்வளவு இடைவெளி என்பதுதான் கேள்வி. அவர் முன்பு 0.15 மி.மீ. வைத்திருந்தார். 300 மி.மீ. உயரம், 200 மி.மீ. அகலம் உள்ள உருவத்துக்கு அது 1,333 சால், பிட் நடக்கிற தூரம் 400 மீட்டர். நிமிடத்துக்கு 2 மீட்டர் வேகத்தில் ஒரு பக்கத்துக்கு மட்டும் 3 மணி 20 நிமிடம். ஐயா குறுக்கே வந்தார். "கடைசித் தோலை எனக்கு விட்டுடு கண்ணு. அந்த மெஷினு கண்ணையும் மூக்கையும் தொட வேணாம்." அதன்படி உருவத்தைச் சுற்றிலும் 1 மி.மீ. மரத்தை மிச்சம் விட்டோம். உளி வந்து எடுக்கப் போகிற தோலுக்கு அத்தனை நெருக்கமான சால் எதற்கு? 0.6 மி.மீ. என்று மாற்றினேன். 333 சால், 100 மீட்டர், 50 நிமிடம். இரண்டு வரிகளுக்கு நடுவே எழும் மேடு அப்போதும் மி.மீ.யில் நூறில் மூன்று பங்குதான். அந்த மாற்றம் மின்சாரத்தையும் பிட்டையும் மிச்சப்படுத்தியது. அதைவிட முக்கியம், ஸ்தபதிக்கு அவர் வேலையைத் திருப்பிக் கொடுத்தது.

மாலை நாலரைக்குச் சட்டத்திலிருந்து பிள்ளையாரை அறுத்து எடுத்தோம். மகன் பேசவில்லை. அப்பாவின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயா நகத்தைக் காதில் வைத்து இழுத்தார். முன்னிலிருந்து பின்னுக்கு நகம் தடையில்லாமல் போயிற்று. இன்னொரு காதிலும் போயிற்று. "ம்" என்றார்.

பிறகு உளிப்பெட்டியைத் திறந்தார். மேலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது மட்டுமே மூன்று அச்சு இயந்திரத்தின் பிட்டுக்கு எட்டும். முன்னிருந்தும் தெரியாத, பின்னிருந்தும் தெரியாத இடங்கள் ஒரு பிள்ளையாரில் எத்தனை என்பதை அன்று மாலை எண்ணினேன். துதிக்கையின் உட்புறச் சுருள், காது மடலின் உள் மடிப்பு, பூணூலின் அடிப்பகுதி, வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே மடங்கும் இடுக்கு, மேல் கையில் பிடித்திருக்கும் பாசக் கயிற்றின் உள்வளையம். அங்கெல்லாம் இயந்திரம் மரத்தைக் கட்டியாக விட்டிருந்தது. விரல் அகலமுள்ள உளி ஒன்று, கால் அங்குல உளி ஒன்று, நகம் போல வளைந்த உளி ஒன்று. அரை மணி நேரத்தில் துதிக்கை வயிற்றிலிருந்து விடுபட்டு நின்றது. அதுவரை அங்கே கிடந்தது பிள்ளையார் வடிவத்தில் ஒரு மரம். துதிக்கை விடுபட்டதும் அதற்கு மூச்சு வந்தது போல் இருந்தது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மகனும் அப்படியே நினைத்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அவர் அப்பாவுக்கு வேலை குறைந்துவிடுமோ என்ற கவலை எனக்கு வரும்போதே இருந்தது. மூன்று நாளில் நான் பார்த்தது வேறு. கோடரியும் பெரிய உளியும் பிடித்துக் கட்டையை உருவத்துக்குக் கொண்டுவருகிற முதல் இரண்டு நாள் வேலை அவருடைய தோளுக்கு இப்போது பாரம். அதை இயந்திரம் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் எதை எங்கே நிறுத்துவது என்பது அவர் கையில் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. அந்த 120 படத்திலிருந்து வந்த ஃபைல் அவருடைய வாழ்நாள் வேலையின் சாறு. ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். அதை ஐந்நூறு ரூபாய்க்கு ஒருவருக்குக் கொடுத்தால், மறுநாள் எந்த ஊரிலும் எத்தனை பிள்ளையாரும் வெட்டலாம். புறப்படும் முன் என் மடிக்கணினியில் இருந்த பிரதியை மகன் கண்ணெதிரே அழித்தேன். ஃபைல் அந்த வீட்டில் மட்டும் இருக்கிறது.

திரும்பும் வழியில் அரும்பாவூருக்கும் போனேன். பச்சைமலை அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கிற ஊர். அங்கும் வாகை, மாவிலங்கு, வேம்பு என்று ஒரே கட்டையில், ஒட்டுப் போடாமல் செதுக்கும் வழக்கம். 2020-இல் அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கும், 2021-இல் கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு பட்டறையில் திருவாசியோடு நிற்கும் நடராசரைப் பார்த்தேன். விரிசடைக்கும் திருவாசிக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளி. எடுத்த பாதத்துக்குப் பின்னால் காற்று போகிறது. இரண்டு பக்கம் அல்ல, இருபது பக்கம் திருப்பினாலும் என் இயந்திரத்தால் அங்கே நுழைய முடியாது.

தம்மம்பட்டித் தம்பி இப்போது பீடத்தின் அடியில் ஒரு வரி எழுதியே விற்கிறார்: 'மெஷினில் வெட்டி, கையால் முடித்தது.' முழுக்கக் கையால் செய்தவற்றில் 'கை வேலை' என்று மட்டும் எழுதுகிறார். இரண்டுக்கும் விலை வேறு, அதை மறைப்பதில்லை. மற்றப் பட்டறைக்காரர்களும் இப்படி எழுதத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மரச் சிற்பம் வாங்கும்போது முகத்தை மட்டும் பார்க்காதீர்கள். திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். காதின் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். துதிக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவே விரல் போகிறதா என்று பாருங்கள். போனால், அங்கே ஒரு கை வேலை செய்திருக்கிறது. அதற்குரிய விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.